ஒற்றிக்குப் போன வழித்தடம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்பவர்கள் ஒரு விந்தையான ஊர்தியைக் காண்பதுண்டு. அதற்குக் கூரை இல்லை, சுவர் இல்லை, பயணிகள் அமர இருக்கையும் இல்லை. எந்திரமும் சக்கரங்களும் அவற்றைப் பிணைக்கும் நீண்ட இரும்புச் சட்டமுமே உண்டு. வெயிலும் காற்றும் முகத்தில் அறைய, திறந்த இருக்கையில் அமர்ந்து ஓட்டுநர் அதைச் செலுத்திப் போவார். ‘சேஸிஸ்’ என்று தொழிலாளர் வழங்கும் அந்த எலும்புக்கூடு கரூர் முதலிய ஊர்களின் பட்டறைகளுக்குச் சென்று, கூண்டு கட்டப்பெற்று, வண்ணம் பூசப்பெற்றுப் பேருந்தாகிறது. தமிழகத்தின் சாலைகளில் ஓடும் பேருந்துகளுள் மிகப் பல வட சென்னையில் பிறந்தவை என்பது மிகையன்று.

இரகுநந்தன் சரண் என்பவர் தம் மகன் அசோக்கின் பெயரால் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், எண்ணூர்த் தொழிற்சாலையில் முதலில் ஆஸ்டின் மகிழுந்துகளையே பூட்டி விற்றது. இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டபின் கனரக ஊர்திகளின் பக்கம் திரும்பி, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 1967-இல் டைட்டன் என்னும் இரட்டை அடுக்குப் பேருந்தையும் அது வெளிக்கொணர்ந்தது. பேருந்தைச் செய்வது யார் என்னும் வினாவுக்கு இப்பகுதி என்றோ விடை கூறிவிட்டது. அப்பேருந்து ஓடும் வழித்தடம் யாருடையது என்பதே முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராத வினாவாக நிற்கிறது.

ஒற்றி என்னும் சொல்

திருவொற்றியூர் என்னும் பெயரிலேயே இவ்வினாவை விளங்கிக்கொள்ள உதவும் சொல் ஒன்று உறைகிறது. ஊழிவெள்ளத்தை இறைவன் ஒற்றி விலக்கிய தலம் என்பது தலபுராணம் தரும் விளக்கம். ஆயின் ‘ஒற்றி’ என்னும் சொல்லுக்கு நம் வேளாண் வழக்கில் மற்றொரு பொருள் உண்டு. நிலத்துக்குரியவன் பணம் பெற்றுக்கொண்டு, அந்நிலத்தின் அனுபவத்தைக் குறித்த காலத்துக்குப் பிறரிடம் விடுவது ஒற்றி. விளைச்சல் ஒற்றிதாரருக்கு, உரிமை நிலத்துக்குரியவனுக்கு. தவணை தீர்ந்ததும் மீட்டுக்கொள்ளலாம். மீட்கவே இயலாதது அறுதிக் கிரயம். பக்திப் புலவர்கள் இவ்விரு பொருளையும் வைத்து ஒற்றியூர் இறைவனோடு விளையாடியதும் உண்டு.

பேருந்து வழித்தடத்துக்கும் இவ்வழக்கு பொருந்தும். சாலை மக்கள் பணத்தில் இட்டது. அதில் ஏறி இறங்குவோரும் மக்கள். ஒருவர் அதில் பேருந்து விட்டுக் கட்டணம் பெற வேண்டுமாயின் அரசின் அனுமதி வேண்டும். ‘பெர்மிட்’ என்று வழங்கும் அவ்வனுமதி, 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டுக்கு மிகாமலும் வழங்கப்பட்டது. தடத்தின் வருவாய் முதலாளிக்கு. தடத்தின் உரிமை பொதுமக்களுக்கு. கடன் என்னும் கூறு இல்லையேனும், குணத்தால் அதுவும் ஓர் ஒற்றியே.

முதல் மீட்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையின் போக்குவரத்து இப்பகுதியை மையமாகக் கொண்டே வளர்ந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. 1895-இல் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கித் துறைமுகத்தை நகரின் உட்பகுதிகளோடு இணைத்தன. இரண்டும் நிறுவனங்களின் முதலீட்டில் பிறந்தவை. மோட்டார்ப் பேருந்துகள் வந்தபோது அவையும் தனியார் கையிலேயே இருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதானபோது, கரியை எரித்து அதன் வாயுவால் பேருந்துகளை ஓட்டினர். பின்புறம் அடுப்பைச் சுமந்து புகை கக்கிச் சென்ற அந்தக் கரிவாயுப் பேருந்துகள் முதியோர் நினைவில் நெடுங்காலம் நிலைத்திருந்தன.

1947-இல் அரசு 30 பேருந்துகளோடு சென்னையில் நேரடியாகப் போக்குவரத்தைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் மாநகரப் பேருந்துச் சேவை அரசுடைமையாயிற்று. பேருந்தோடு போட்டியிட இயலாது நலிந்த டிராம் நிறுவனம் 1953 ஏப்ரலில் மூடப்பட்டது. தண்டவாளம் பெயர்ந்த தெருக்களில் அரசுப் பேருந்து நிலைபெற்றது. நாடெங்கும் அரசுடைமைக்கு வழிசெய்யும் தனி இயல் ஒன்று 1956-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

மாவட்டங்களில் தனியார் நிறுவனங்கள் மேலும் இருபதாண்டுக் காலம் கோலோச்சின. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ்., பொள்ளாச்சியின் ஆனைமலைஸ், குடந்தையின் ஸ்ரீராமவிலாஸ் முதலியவை தத்தம் வட்டாரத்தில் பெயர் பெற்றவை. 1971-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் பெரும் எண்ணிக்கையில் பேருந்துகள் வைத்திருந்த நிறுவனங்களின் வண்டிகளை அரசு ஏற்றது. 1972-இல் பாண்டியன், சேரன், சோழன் என்னும் பெயர்களில் கழகங்கள் தோன்றின. அவ்வாண்டு ஜனவரி முதல் நாளில் சென்னையின் அரசுப் பேருந்துகள் 1,029, பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்னும் நிறுவனத்தின்கீழ் வந்தன. முப்பதில் தொடங்கியது கால் நூற்றாண்டில் ஆயிரத்தைக் கடந்திருந்தது.

கொழுத்த தடமும் மெலிந்த தடமும்

அரசுடைமையின் பயன் யாது? எண்ணிக்கையைவிட அதன் கணக்குமுறையே முதன்மையானது. தனி முதலாளி ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே எடைபோடுவார், வருவாய் தரும் தடத்தில் வண்டி விடுவார், தராததை நீக்குவார். அது வணிக நெறி. அதில் குற்றம் காண்பதற்கில்லை. பொதுக் கழகமோ கொழுத்த தடத்தின் மிச்சத்தைக் கொண்டு மெலிந்த தடத்தைக் காக்க இயலும். பகலில் நிரம்பி வழியும் பாரிமுனைப் பேருந்தின் வருவாய், இரவு முறை முடித்துத் திரும்பும் எண்ணூர்த் தொழிலாளிக்காகப் பாதி வெறுமையாய் ஓடும் கடைசிப் பேருந்தைத் தாங்கும்.

துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த வட சென்னைக்கு இக்கணக்கு உயிர்நிலை போன்றது. தீக்குச்சித் தொழிற்சாலை, மோட்டார்சைக்கிள் தொழிற்சாலை, மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், உரத் தொழிற்சாலை, எண்ணூர் அனல்மின் நிலையம் எனத் தொழில்கள் பெருகிய காலத்தில், ஆலைச் சங்கே ஊரின் கடிகாரமாக இருந்தது. முறை மாறும் நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் சாலைக்கு வருவர். மற்ற வேளைகளில் சாலை வறண்டு கிடக்கும். இத்தகைய ஊருக்குப் பேருந்து விடுவது வணிகக் கணக்குக்கு எளிதில் இசைவதன்று.

அரசுப் பேருந்தின் குறைகளை மறைத்தலும் ஆகாது. நெரிசலும் படிக்கட்டுப் பயணமும் காத்திருப்பும் பல தலைமுறைகளின் அன்றாட அனுபவம். 1994 ஜனவரியில் பல்லவன் கழகம் பிரிக்கப்பட்டு, மாநகரின் வட பகுதிக்கென டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. தங்கள் பகுதிக்குத் தனிக் கவனம் கிட்டும் என எண்ண அது இடம் தந்தது. 1997-இல் தென் மாவட்டமொன்றின் போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதையொட்டிக் கலவரம் மூண்டபோது, எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை அரசு நீக்கிற்று. அம்பேத்கர் பெயரும் அவ்வாறே மறைந்தது. 2001 ஜனவரியில் இரு கழகங்களும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டு மாநகர் போக்குவரத்துக் கழகமாயின. வட பகுதிக்கெனத் தனிக் கழகம் இருந்தது ஏழாண்டுகளே.

திறந்த கதவும் மூடிய நகரும்

இதற்கிடையே தில்லியில் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியிருந்தது. 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டம், பேருந்து அனுமதி கேட்டு எப்போதும் விண்ணப்பிக்கலாம் என்றும், அதைப் பொதுவாக மறுத்தல் கூடாது என்றும் கூறிற்று. ஒரு தடத்துக்கு இத்தனை பேருந்துகளே போதும் என்று எண்ணி வைக்கும் பழைய முறை தளர்ந்தது. இம்மாற்றத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்கள் யார் என்பது வியப்புக்குரியது. ஏற்கெனவே அனுமதி பெற்றுத் தொழில் நடத்திய உத்தரப் பிரதேசத் தனியார் பேருந்து உரிமையாளர்களே அவர்கள். புதியவர்கள் வருவதால் தம் வருவாய் குன்றும் என்பது அவர்கள் முறையீடு. போட்டியைத் தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை என 1991-இல் நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. கட்டுப்பாட்டை விரும்புவோர் அரசினர் மட்டுமல்லர். வாயிலுக்குள் முன்பே புகுந்துவிட்ட வணிகரும் கதவு மூடியிருப்பதையே விரும்புவர் என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.

அரசுடைமைத் திட்டத்துக்கு உட்பட்ட தடங்களைப் புதிய சட்டமும் காத்தது. மாநகரத் தடங்கள் முன்பே அரசின் கையில் இருந்தமையால், நாட்டுக்குத் திறந்த கதவு சென்னைக்குத் திறக்கவில்லை. மாவட்டங்களில் அரசுத் தடங்களோடு மோதிய தனியார் அனுமதிகளைக் காக்கத் தமிழக அரசு 1992-இல் தனிச்சட்டம் ஒன்று இயற்ற நேர்ந்தது.

எனவே தனியாரின் வளர்ச்சி மாநகருக்கு வெளியே நிகழ்ந்தது. கொங்கு வட்டாரத்தின் நகரங்களிடையே தனியார் பேருந்துகள் வேகத்துக்கும் ஒலிபெருக்கிப் பாட்டுக்கும் பெயர் பெற்றன. நெடுந்தொலைவுத் தடங்களில் ‘ஆம்னி’ பேருந்துகள் பெருகின. சட்டத்தின் கண்ணில் அவை ஒப்பந்த ஊர்திகள். ஒரு குழுவினரை ஓரிடத்தில் ஏற்றி மற்றோரிடத்தில் இறக்க வேண்டியவை. நடைமுறையிலோ தனித்தனியே இருக்கைச்சீட்டு விற்கும் இரவுப் பேருந்துகள். பேருந்து செல்லாச் சிற்றூர்களை இணைக்க 1997-இல் அறிவிக்கப்பட்ட சிற்றுந்துத் திட்டமும் தனியாருக்கே வழங்கப்பட்டது. எண்ணூரில் பிறந்த எலும்புக்கூடுகள் பல இவ்வளர்ச்சிக்குக் கால் கொடுத்தன. எண்ணூர்ச் சாலையிலோ அதன் நிழல்கூட விழவில்லை.

பெயரில்லாத தாராளமயம்

ஆயினும் வெற்றிடம் நெடுநாள் வெற்றிடமாக இருப்பதில்லை. 1990-களின் இறுதியிலிருந்து சென்னையில் ஷேர் ஆட்டோக்கள் தோன்றின. மூன்று சக்கரத்தில் தொடங்கிப் பின்னர் நான்கு சக்கரச் சிற்றூர்திகளும் சேர்ந்துகொண்டன. அனுமதி பெற்றவை சில, பெறாதவை பல. ஒப்பந்த ஊர்திக்கான அனுமதி இருப்பினும், வழியெங்கும் நின்று ஒவ்வொருவராய் ஏற்றி இறக்குவதற்கு அவ்வனுமதி இடம் தருவதில்லை. வட சென்னையில் தனியார் போக்குவரத்து வளர்ந்த கதை உண்மையில் இதுவே. அதற்கு நிறுவனம் இல்லை. கால அட்டவணை இல்லை. தவணை குறித்த பத்திரமும் இல்லை.

இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் விடியுமுன் மீன் வாங்கிக் கூடையோடு புறப்படும் பெண்களுக்கு, வாடையைக் காரணம் காட்டி முகம் சுளிக்காத வண்டி வேண்டும். துறைமுகத்துக்குச் செல்லும் சரக்குப்பெட்டி லாரிகள் வரிசையாய் நின்று சாலையை அடைக்கும்போது, சந்துக்குள் திரும்பி வழி கண்டுபிடிக்கும் வண்டி வேண்டும். கைகாட்டிய இடத்தில் நிற்கும் வண்டி வேண்டும். ஷேர் ஆட்டோ இவற்றைத் தந்தது. ஆட்குறைப்பால் வேலையிழந்தோருக்கு வண்டி ஓட்டுதல் பிழைப்புக்கு வழியாகவும் ஆயிற்று.

அதன் மறுபக்கமும் அறியத்தக்கது. ஆள் நிறையும்வரை வண்டி நகராது. ஆள் குறைந்த வேளையில் வண்டியே இராது. மாணவர்க்கு இலவசப் பயண அட்டை இல்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, பேருந்து கிடைக்கும் தெருவில் வாழும் பெண்ணுக்கும் கிடைக்காத தெருவில் வாழும் பெண்ணுக்கும் இடையே புதியதொரு வேறுபாடு தோன்றிற்று. முன்னவருக்கு அரசின் சலுகை கைவந்தது. பின்னவர் சில்லறையை எண்ணிக்கொண்டே நின்றார். அதே ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. பெரும் மாற்றம்தான், எனினும் நிலையத்திலிருந்து வீடுவரையுள்ள தொலைவை மெட்ரோ தீர்ப்பதில்லை. 2024 ஜூனில் அரசு வெளியிட்ட சிற்றுந்துத் திட்ட வரைவு, திருவொற்றியூர், மணலி, மாதவரம் முதலிய மண்டலங்களில் தனியார் சிற்றுந்துகளை அனுமதிக்க முன்மொழிந்தது. ஷேர் ஆட்டோ காட்டிய தேவையை அரசின் ஏடும் ஒப்புக்கொண்டது எனலாம்.

பிறர் கண்ட பாடம்

கதவை அகலத் திறந்த நாடுகள் கண்டது என்ன? இலங்கையில் 1958-இல் அரசுடைமையான பேருந்துத் துறை 1979-இல் மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. அங்குப் பெருகியவை பெரும் நிறுவனங்களல்ல; ஓரிரு பேருந்துகளே உடைய உரிமையாளர்கள். தில்லியில் 1992-இல் ‘ரெட்லைன்’ என்னும் தனியார் பேருந்துகள் விடப்பட்டன. பயணியின் கட்டணமே வண்டியின் வருவாய் என்பதால், அடுத்த நிறுத்தத்தில் நிற்போரை முந்திச்சென்று ஏற்றும் பந்தயம் சாலையில் நிகழ்ந்தது, உயிர்கள் பலியாயின. ‘புளூலைன்’ என்று பெயர் மாறியும் பந்தயம் மாறவில்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவை படிப்படியாக விலக்கப்பட்டன.

பிரிட்டனின் கதை எண்ணூருக்கு இன்னும் நெருக்கமானது. அசோக் லேலண்ட் என்னும் பெயரின் பின்பாதி லங்காஷயரின் லேலண்ட் என்னும் சிறுநகரிலிருந்து வந்தது. அதற்கு அண்மையிலுள்ள மான்செஸ்டர் உட்பட, லண்டன் நீங்கலாக இங்கிலாந்து முழுவதும், 1986 அக்டோபரில் பேருந்துத் தடங்கள் தாராளமயமாயின. லாபமான தடங்களில் பேருந்துகள் மொய்த்தன; மற்றவை உள்ளாட்சியின் மானியத்தை நோக்கி நின்றன. லண்டனில் மட்டும் தடமும் நேரமும் கட்டணமும் பொது அமைப்பின் கையிலேயே இருக்க, ஓட்டும் பணி ஒப்பந்தத்தில் விடப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் மான்செஸ்டர் வட்டாரம் தன் பேருந்துகளை மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. அறுதிக் கிரயம் செய்ததாய் எண்ணியதையும் மீட்கலாம். அதற்கு ஒரு தலைமுறைக்கும் மேலாகும் என்பதே அது தரும் பாடம்.

வியாசர்பாடியில் திறந்த வாயில்

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அவை அசோக் லேலண்ட் குழுமத்தின் ‘ஸ்விட்ச்’ நிறுவனம் செய்தவை; இயக்குவதும் அக்குழுமத்தைச் சார்ந்த நிறுவனமே. ஓட்டுநர் அந்நிறுவனத்தவர், நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். கட்டணம் கழகத்துக்குச் செல்லும். ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப நிறுவனத்துக்குக் கழகம் பணம் தரும். ஒப்பந்தம் 12 ஆண்டுகளுக்கானது. ஐந்து பணிமனைகளிலிருந்து 625 மின்சாரப் பேருந்துகள் விடும் திட்டத்தின் முதற்கட்டம் இது. அவ்வைந்தில் தண்டையார்பேட்டையும் ஒன்று. முக்கால் நூற்றாண்டுக்கு முன் மாநகரத் தடங்களை விட்டு நீங்கிய தனியார், வட சென்னையின் வாயில் வழியே வேறு கோலத்தில் திரும்பினர்.

இது மான்செஸ்டரின் பழைய வழியன்று, லண்டனின் வழி. ஒற்றியும் அன்று, தடத்தின் விளைச்சல் நிறுவனத்துக்குப் போவதில்லையாதலின், வண்டியோடு ஆளையும் கூலிக்கு அமர்த்துவதை ஒத்தது. பயணிகளுக்காகப் பந்தயம் ஓட வேண்டிய தேவை இதில் இல்லை. தில்லி கண்ட கேட்டை இது தவிர்க்கும். தாழ்ந்த தளம் முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிக்கும் நன்மை. புகையின்மை, புகையையே மூச்சாகக் கொண்ட இப்பகுதிக்கு இருமடங்கு நன்மை.

ஆனால் கூலிக்கணக்கில் மறைந்துபோகும் ஒன்றுண்டு. கழகத்தின் நிலைப்பணியில் ஓட்டுநராய்ச் சேர்வது, ஊதியமும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் உடைய வாழ்க்கையாய் எளிய குடும்பங்களுக்கு அமைந்தது. ஒரு தந்தை ஓட்டிய பேருந்து அவர் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிற்று. ஒப்பந்தநிறுவனத்தின் ஓட்டுநருக்கு அவ்வாழ்வு கிட்டுமா என்னும் கவலையே தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்கு அடிப்படை. மற்றொன்று, கிலோமீட்டருக்குப் பணம் தருவது கழகம் என்றால், எந்தத் தடத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என முடிவுசெய்வதும் கழகமே. கழகத்தின் பை மெலியும்போது முதலில் குறைவது எந்தத் தடம்? எண்ணூரின் கடைசிப் பேருந்தா, வேறொன்றா? பேருந்து அரசுடையதா தனியாருடையதா என்னும் பழைய வினாவுக்குள் இவ்வினா எப்போதும் ஒளிந்தே இருந்தது.

திருவொற்றியூரில் தேரடி என்னும் இடம் இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராகவும் விளங்குகிறது. தேரைச் செய்தவர் தச்சர். செலவை ஏற்றவர் செல்வர். சக்கரத்துக்குக் கட்டை போட்டவர் தொழிலாளர். எனினும் தேர் எவருடையது என்று கேட்டால் ஊராருடையது என்பதே விடை. அது கோயில் வாயிலில் மட்டும் நின்றால் தேராகாது. நான்கு வீதியும் சுற்றி, கடைசி வீட்டின் முன்னும் நின்று, நிலைக்குத் திரும்ப வேண்டும்.

எண்ணூர் வாயிலிலிருந்து எலும்புக்கூடுகள் இன்னும் புறப்பட்டுப் போகின்றன. அவை எங்கோ உடல் பெற்று யாரையோ சுமக்கின்றன. அவற்றைப் பூட்டிய கைகள் பணிமுறை முடித்துச் சாலைக்கு வரும் நள்ளிரவில், அவர்களுக்காக ஒரு பேருந்து நிற்குமானால், வழித்தடம் ஒற்றியிலிருந்து மீண்டது என்று கொள்ளலாம். நில்லாதவரை, பத்திரம் எவர் பெயரில் இருப்பினும், மீட்புக்கு நாள் குறிக்கப்படவில்லை என்றே பொருள்.